பழைய லேப்டாப் வாங்கும் முன்: கிராபிக்ஸ் கார்டின் மெமரியும் சூடும்

ஜூன் மாதம் நெருங்கினால் கோவையில் பழைய லேப்டாப் விசாரிப்பு கூடிவிடும். மகன் பொறியியல் சேர்ந்திருப்பான். மகள் கட்டிடக்கலையோ ஃபேஷன் டிசைனோ எடுத்திருப்பாள். கல்லூரியில் "கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் வேண்டும்" என்று சொல்லிவிடுவார்கள். புதியதின் விலையைக் கேட்டதும் அத்தா யோசிப்பார். பிறகு காந்திபுரத்திலோ டவுன்ஹால் பக்கத்திலோ ஒரு கடையில் "கிராபிக்ஸ் கார்டோட இருக்கு பாய், 15 ஆயிரம்தான்" என்று ஒன்றைக் காட்டுவார்கள். இல்லையென்றால் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போவார்.

இரண்டுமே நல்ல வழிதான். ஆனால் கிராபிக்ஸ் கார்டு உள்ள பழைய லேப்டாப்பில் இரண்டு விஷயங்கள் வெளியே தெரியாது. ஒன்று, ஒரே பெயரில் வேறு வேறு மெமரியுடன் வந்த கார்டுகள். மற்றொன்று, சூடேறிச் சூடேறி உள்ளே விரிசல் விட்ட சிப்புகள். இந்த இரண்டையும் வீட்டில் எல்லோருக்கும் புரியும்படி இங்கே விளக்குகிறோம்.

முதலில் ஒரு அடிப்படை. திரையில் படத்தை வரைவதற்கு எல்லா லேப்டாப்பிலும் ஒரு பகுதி உண்டு. பெரும்பாலானவற்றில் அது பிராசஸருடனேயே சேர்ந்து வரும். இதற்குத் தனி மெமரி கிடையாது, லேப்டாப்பின் ரேமிலிருந்தே கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்புகள் பெரும்பாலும் இந்த வகைதான். அவற்றில் பெரிய கேம் ஓடாது, ஆனால் நாம் இங்கே சொல்லப்போகும் தொல்லையும் வராது. மற்றொரு வகையில் என்விடியா அல்லது ஏஎம்டியின் தனி கிராபிக்ஸ் சிப் மதர்போர்டில் பதித்திருக்கும், அதைச் சுற்றி அதற்கே சொந்தமான மெமரி சிப்புகள் நான்கோ எட்டோ இருக்கும். கார்டு என்று சொன்னாலும் பெரும்பாலான லேப்டாப்புகளில் அதைக் கழற்றி மாற்ற முடியாது. மேசைக் கம்ப்யூட்டரில் கார்டு போனால் கார்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். லேப்டாப்பில் கார்டு போனால் மதர்போர்டே போன மாதிரி.

இனி மெமரி. கோவைக்காரர்களுக்கு இதை மோட்டாரை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். ஒரே குதிரைத்திறன் உள்ள இரண்டு மோட்டார்கள். ஒன்றுக்கு ஒன்றரை இஞ்ச் குழாய், மற்றொன்றுக்கு முக்கால் இஞ்ச். மோட்டார் ஒன்றுதான் என்றாலும் தொட்டி நிறையும் நேரம் ஒன்றாக இருக்காது. கிராபிக்ஸ் சிப்புக்கும் அதன் மெமரிக்கும் உள்ள தொடர்பு இதுதான். சிப் எவ்வளவு வேகமாகக் கணக்குப் போட்டாலும், மெமரியிலிருந்து தரவு வந்து சேரும் குழாய் சிறியதாக இருந்தால் அது காத்துக்கொண்டுதான் இருக்கும்.

2007இல் வந்த என்விடியா ஜீஃபோர்ஸ் 8600எம் ஜிடி இதற்கு நல்ல உதாரணம். அதை டிடிஆர்2 மெமரியோடும் விற்றார்கள், ஜிடிடிஆர்3 மெமரியோடும் விற்றார்கள். ஸ்டிக்கரில் இரண்டுக்கும் ஒரே பெயர். மெமரிப் பாதையின் அகலம் இரண்டிலும் 128 பிட், அதாவது ஒரு தடவைக்கு 16 பைட். டிடிஆர்2 வகையில் நொடிக்கு 80 கோடித் தடவை தரவு போகும், எனவே நொடிக்கு 12.8 ஜிபி. ஜிடிடிஆர்3 வகையில் 140 கோடித் தடவை, எனவே 22.4 ஜிபி. கிட்டத்தட்ட முக்கால் மடங்கு கூடுதல். விலைப்பட்டியலில் இந்த வித்தியாசத்தை யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்தப் பழக்கம் அதோடு நிற்கவும் இல்லை. இன்று பழைய சந்தையில் அதிகம் கிடைக்கும் ஜீஃபோர்ஸ் 940எம்எக்ஸ் கார்டிலும் இரண்டு வகை உண்டு. டிடிஆர்3 வகையில் நொடிக்குச் சுமார் 16 ஜிபி, ஜிடிடிஆர்5 வகையில் சுமார் 40 ஜிபி. இங்கே ஒரு வேடிக்கை கவனிக்க வேண்டியது. டிடிஆர்3 வகை 4 ஜிபி மெமரியோடும் வந்தது. கடையில் "இது 4 ஜிபி கார்டு, அது 2 ஜிபிதான்" என்று சொல்லி 4 ஜிபிக்கு இரண்டாயிரம் கூடுதலாகக் கேட்பார்கள். உண்மையில் 2 ஜிபி ஜிடிடிஆர்5 கார்டுதான் வேகமானது. மெமரியின் அளவு தொட்டி, மெமரியின் வகை குழாய். இந்தத் தரத்துச் சின்னக் கார்டுகளுக்குக் குழாய்தான் முக்கியம்.

2017இல் வந்த எம்எக்ஸ்150 இன்னொரு விதம். அதில் மெமரி இரண்டிலும் ஜிடிடிஆர்5தான். ஆனால் ஒரு வகை 25 வாட், மற்றொரு வகை 10 வாட். முதல் வகையின் அடிப்படை வேகம் 1468 மெகாஹெர்ட்ஸ், இரண்டாவதின் வேகம் 937தான். மெலிந்த லேப்டாப்புகளில் இடம் இல்லாததால் சூடு குறையட்டும் என்று இந்த இரண்டாவது வகையைப் போட்டார்கள், பெயரை மட்டும் மாற்றவில்லை. இணையத்தில் லேப்டாப்களைச் சோதித்து எழுதுபவர்கள் 2018இல் இதை வெளியே கொண்டுவந்த பிறகுதான் மக்களுக்குத் தெரிந்தது.

இன்னும் பழைய லேப்டாப்புகளில் "1 ஜிபி வரை கிராபிக்ஸ் மெமரி" என்று ஸ்டிக்கர் இருக்கும். அந்த "வரை" என்ற சொல்லில்தான் விஷயம். சொந்த மெமரி 128 அல்லது 256 எம்பியாக இருக்கும், மீதி லேப்டாப்பின் ரேமிலிருந்து கடன் வாங்கும் கணக்கு.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். ஜிபியூ-இசட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, சிறியது. அதைத் திறந்தால் மெமரி வகை, பாதையின் அகலம், நொடிக்கு எத்தனை ஜிபி என்று மூன்றும் ஒரே பக்கத்தில் தெரியும். பென்டிரைவில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள். திறந்து பார்க்கக் கூடாது என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்குப் போகலாம்.

மெமரி வகை தெரியாமல் வாங்கினால் வேகம்தான் குறையும், லேப்டாப் ஓடும். சூட்டு விஷயம் அப்படியல்ல, போட்ட பணம் முழுவதும் போய்விடும்.

2008 ஜூலை 2 அன்று என்விடியா நிறுவனம் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காணையத்திடம் ஓர் அறிக்கை கொடுத்தது. லேப்டாப்புகளுக்காகத் தயாரித்த சில முந்தைய தலைமுறைச் சிப்புகள் வழக்கத்துக்கு மாறான எண்ணிக்கையில் பழுதாகின்றன, சிப்பையும் அதன் உறையையும் சேர்க்கும் பொருட்கள் பலவீனமாக இருந்துவிட்டன, பழுதுச் செலவுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குகிறோம் என்று அதில் சொன்னது. எந்தெந்த மாடல் என்று பெயர் சொல்லவில்லை. பெயர்கள் லேப்டாப் நிறுவனங்கள் வழியாக ஒவ்வொன்றாக வந்தன. எச்பியின் பெவிலியன் டிவி2000, டிவி6000, டிவி9000 வரிசைகளும், டெல்லின் எக்ஸ்பிஎஸ் எம்1330, எம்1530, லாட்டிட்யூட் டி630 போன்றவையும் சிக்கின. ஆப்பிள் அதே ஆண்டு அக்டோபரில், 8600எம் ஜிடி உள்ள தன் மேக்புக் ப்ரோக்களிலும் இந்தக் கோளாறு இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. இலவசமாகப் பழுது பார்த்துத் தரும் காலத்தை முதலில் இரண்டு ஆண்டு என்றும் பிறகு நான்கு ஆண்டு என்றும் நீட்டியது.

என்னதான் நடந்தது? கிராபிக்ஸ் சிப் என்பது கண்ணாடி போன்ற ஒரு சிலிக்கான் துண்டு. அது பச்சை நிறத் தகடு ஒன்றின் மேல் கவிழ்த்து வைத்து ஒட்டப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத அளவில் ஏராளமான சால்டர் புள்ளிகள். அந்தத் தகடு பெரிய சால்டர் உருண்டைகள் வழியாக மதர்போர்டில் அமரும். சூடேறும்போது எல்லாப் பொருளும் விரியும், ஆனால் ஒரே அளவில் விரியாது. சிலிக்கான் விரிவதைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு அந்தப் பச்சைத் தகடு விரியும். நடுவில் இருக்கும் புள்ளிகள் இரண்டு பக்கமும் இழுபடும். லேப்டாப்பை அணைத்ததும் குளிர்ந்து திரும்பச் சுருங்கும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்று இப்படியே நடந்தால், ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருப்பதுபோல ஒருநாள் புள்ளி விட்டுவிடும். இதைத் தடுக்கத்தான் புள்ளிகளைச் சுற்றி ஒரு பசை நிரப்பியிருப்பார்கள். கோளாறான சிப்புகளில் அந்தப் பசை, சிப் அன்றாடம் எட்டும் சூட்டிலேயே இளகிப் பிடிப்பை விட்டது என்று தி இன்குவயரர் தளத்தில் சார்லி டெமர்ஜியன் 2008இல் தொடராக எழுதினார்.

நம்மூர் சர்வீஸ் கடைகளில் இதற்கு இன்னொரு காரணம் சொல்வார்கள்: "ஈயம் இல்லாத சால்டர் வந்ததால்தான் இப்படி." 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருட்களில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் இந்தச் சிப்புகளின் உள்ளே இருந்த நுண்புள்ளிகளில் ஈயம் நிறையவே இருந்தது. விட்டுப்போனது உள்ளே, மதர்போர்டோடு சேரும் வெளி உருண்டைகளில் அல்ல. இந்த வேறுபாடு வெறும் தகவலுக்காகச் சொல்வதல்ல, கடையில் உங்கள் பணம் எங்கே வீணாகிறது என்பதும் இதில்தான் இருக்கிறது. கீழே வருகிறோம்.

அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2010இல் சமரசமானது. டெல், ஆப்பிள் வாங்கியவர்களுக்குப் பழுது பார்த்துத் தந்தார்கள். எச்பி வாங்கியவர்களுக்கு அதைவிட மலிவான காம்பாக் ஒன்றைக் கொடுத்ததால் பலர் கோபப்பட்டார்கள். அந்தச் சமரசம் அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கு மட்டும்தான். கோவையிலோ ரியாத்திலோ வாங்கியவருக்கு அதில் பங்கு இல்லை. டெல் தன் பங்குக்கு, ஃபேன் அடிக்கடி சுற்றும்படி ஒரு பயாஸ் மாற்றத்தைக் கொடுத்தது. அது விரிசலைத் தள்ளிப்போடுமே தவிர சரிசெய்யாது.

என்விடியாவை மட்டும் சொல்வதும் நியாயமில்லை. 2011இல் வந்த 15, 17 அங்குல மேக்புக் ப்ரோக்களில் ஏஎம்டி ரேடியான் சிப் இருந்தது. அவற்றிலும் திரை கோடுபோட்டு அணைந்துபோனது. 2015 பிப்ரவரியில் ஆப்பிள் இலவசப் பழுதுத் திட்டம் அறிவித்தது, அது 2016 இறுதியோடு முடிந்தது. இன்று "ஆப்பிள் லேப்டாப், ரொம்பக் கம்மி விலை" என்று 2011 மாடலை யாராவது நீட்டினால் இதை நினைவில் வையுங்கள்.

கடை விஷயத்துக்கு வருவோம். சிப் விட்டுப்போன லேப்டாப்பைக் கொண்டு போனால் "ஹீட் கொடுத்துப் பார்க்கலாம்" என்பார்கள், அல்லது "ரீபால் பண்ணணும்" என்பார்கள். ஹீட் என்றால் சூடான காற்றைச் சிப்பின் மேல் அடிப்பது. சூட்டில் விரிந்த புள்ளிகள் தற்காலிகமாக ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும், லேப்டாப் உயிர்பெறும். சில நாளோ சில வாரமோ ஓடும். மறுபடி போகும். ரீபால் என்றால் சிப்பைக் கழற்றி அடியில் இருக்கும் பெரிய உருண்டைகளை மாற்றி ஒட்டுவது. வேலை கடினமானது, கூலியும் அதிகம். ஆனால் விரிசல் உள்ளே நுண்புள்ளியில் இருக்கும்போது வெளி உருண்டையை மாற்றி என்ன பயன்? ரீபாலுக்குப் பிறகு ஓடுவதும் பல நேரம் அந்த வேலையில் சிப்புக்குக் கிடைத்த சூட்டினால்தான். திருத்தப்பட்ட புதிய சிப்பையே போட்டால் மட்டும் இது தீரும். அப்போதும் சிப்பின் மேல் அச்சிட்ட எண்ணைப் பார்க்க வேண்டும். அதில் நான்கு இலக்கத் தேதிக் குறி இருக்கும். 0748 என்றால் 2007ஆம் ஆண்டின் 48ஆவது வாரத்தில் செய்தது. அந்தக் காலத்துப் பழைய சிப்பையே துடைத்து மறுபடி போட்டால் அதே கதைதான்.

சரி, ஹீட் கொடுத்து இரண்டு வாரம் ஓடும் லேப்டாப்பை என்ன செய்வார்கள்? சிலர் அந்த இரண்டு வாரத்துக்குள் விற்றுவிடுகிறார்கள். வாங்கும் குடும்பத்துக்கு அது எப்படித் தெரியும்? குறையை மறைத்து விற்கும் வியாபாரத்தைப் பற்றி நம் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விற்பவர் நம்மவராக இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள்: "இதில் சிப் வேலை ஏதாவது நடந்திருக்கிறதா?" பதிலைப் பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

உள்ளே திறந்து காட்டச் சொல்வது இன்னும் நல்லது. கீழ் மூடியின் திருகுகளில் கீறல், சிப்பைச் சுற்றி மஞ்சளாகவோ பழுப்பாகவோ காய்ந்த ஃப்ளக்ஸ் கறை, பக்கத்தில் உருகிய பிளாஸ்டிக் இணைப்பு இருந்தால் அங்கே சூடு அடித்திருக்கிறார்கள். பழைய டிவி6000 மாடல்களில் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே ஒரு செம்புத் தகடு செருகியிருப்பதையும் காணலாம். அது மோசடியல்ல. அங்கே கம்பெனி வைத்த தடித்த பேடு சூட்டைச் சரியாகக் கடத்தாததால் மெக்கானிக்குகள் கண்டுபிடித்த வழி அது. ஆனாலும் அங்கே ஒருவர் கை வைத்திருக்கிறார் என்பதற்கு அடையாளம்.

நம் பகுதிக்கே உரிய ஒரு எதிரி உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும், கோவை, அவிநாசி பக்கத்து ஸ்பின்னிங் மில்களிலும் அலுவலக மேசையில் இருந்த லேப்டாப்பைத் திறந்து பார்த்தால் ஃபேனுக்கும் ஹீட்சிங்கின் மெல்லிய தகடுகளுக்கும் நடுவே பஞ்சு ஒரு கம்பளத் துண்டுபோல் படிந்திருக்கும். சாதாரணத் தூசி தகடுகளுக்கு நடுவே கொஞ்சமாவது புகுந்து வெளியேறும். பஞ்சு இழை இழையாகப் பின்னிக்கொண்டு காற்றை மொத்தமாக அடைத்துவிடும். வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஃபேன் சத்தம் மட்டும் அதிகமாக இருக்கும், காற்று வெளியே வராது. போர்வெல் மோட்டாரைச் சுற்றித் தண்ணீர் இல்லாவிட்டால் காயில் எப்படிக் கருகுமோ அதே நிலை. மில்லிலோ கார்மெண்ட்ஸிலோ ஓடிய லேப்டாப் என்றால், வாங்கிய அன்றே திறந்து சுத்தம் செய்யச் சொல்லிவிடுங்கள். டயர் கடை கம்ப்ரசர் காற்றை நேராக அடிக்க வேண்டாம். அதில் ஈரம் வரும், ஃபேனும் தாறுமாறாகச் சுற்றிக் கெடும். ஃபேனை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு மென்மையாக ஊதினால் போதும்.

வெயிலும் ஒரு கணக்கு. ஹீட்சிங்க் எப்போதும் அறையின் வெப்பத்துக்கு மேல் இத்தனை டிகிரி என்றுதான் வேலை செய்யும். மார்கழியில் 25 டிகிரி அறையில் சிப் 80இல் ஓடினால், சித்திரையில் ஈரோட்டிலோ கரூரிலோ 38 டிகிரி அறையில் அதே வேலைக்கு 93ஐ நெருங்கும். பொதுவாகப் பழைய சிப்புகள் வேலையின்போது 80, 85க்குள் இருந்தால் கவலையில்லை. 95ஐத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், இன்னும் ஏறினால் தானாக அணைந்துவிடும். மெத்தையில் வைத்து வேலை செய்யும் பழக்கம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. அடியில் இருக்கும் காற்றுத் துளை மூடிக்கொள்ளும். ஒரு பலகையை வைத்தாலே சில டிகிரி இறங்கும்.

சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசிய தெர்மல் பேஸ்ட் சில ஆண்டுகளில் காய்ந்து சுண்ணாம்பாகிவிடும். அதை மாற்றுவதற்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். அதைச் செய்பவர் மெமரி சிப்புகளின் மேல் இருக்கும் மெத்தென்ற பேடுகளை என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஜிடிடிஆர் வகை மெமரி தானும் சூடாகும், அதனால்தான் அவற்றுக்கு அந்தப் பேடு. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பேஸ்ட் தடவினால் இடைவெளி நிரம்பாது, மெமரிக்குக் குளிர்ச்சி கிடைக்காது. அளவுக்கு மீறித் தடித்த பேடு போட்டால் ஹீட்சிங்க் மேலே தூக்கிக்கொண்டு முக்கியச் சிப்பையே தொடாமல் போகும். அதே தடிமனில் புதியது வேண்டும்.

பல லேப்டாப்புகளில் பிராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் ஒரே செம்புக் குழாயைப் பகிர்ந்துகொள்கின்றன. எனவே பிராசஸரின் சூட்டைக் குறைத்தாலே கிராபிக்ஸ் சிப்புக்கும் இதமாக இருக்கும். விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் 'மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்' என்பதை 100இலிருந்து 99 ஆக்கினால் பெரும்பாலான லேப்டாப்புகளில் பிராசஸரின் கூடுதல் பாய்ச்சல் நின்றுவிடும். படிப்பு வேலைக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, சூட்டில் நன்றாகவே தெரியும்.

கடையில் சோதிக்கும்போது அவசரப்படாதீர்கள். ஐந்து நிமிடம் ஆன் செய்து காட்டினால் எந்த லேப்டாப்பும் நன்றாகத்தான் இருக்கும். அரை மணி நேரம் யூடியூப் வீடியோவும், முடிந்தால் ஒரு முப்பரிமாண மென்பொருளும் ஓடட்டும். ஜிபியூ-இசட்டில் சென்சார் பக்கத்தைத் திறந்து சூட்டைப் பாருங்கள். பிறகு அணைத்து, நன்றாக ஆறவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். விரிசல் விட்ட சிப் பல நேரம் இந்த ஆறிய பிறகான ஆன் செய்தலில்தான் காட்டிக்கொடுக்கும்: விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், திரை கருப்பாகவே இருக்கும். திரையில் கோடுகளோ புள்ளிகளோ வந்தால் ஒரு வெளி மானிட்டரை இணையுங்கள். அதிலும் அதே கோடு வந்தால் கிராபிக்ஸ் சிப் பக்கம் கோளாறு. வெளியில் சுத்தமாகத் தெரிந்தால் லேப்டாப்பின் திரையோ கேபிளோதான், அது சிறிய செலவு.

எங்கள் கருத்தைக் கேட்டால், 2010க்கு முந்தைய தனி கிராபிக்ஸ் லேப்டாப் எதையும் இன்று பணம் கொடுத்து வாங்க வேண்டாம். ஜீஃபோர்ஸ் 8, 9 வரிசைக்கு என்விடியா கடைசியாக டிரைவர் கொடுத்தது 2016இல். அதே லாட்டிட்யூட் டி630இல் இன்டெல் கிராபிக்ஸ் மட்டும் உள்ள வகையும் வந்தது. என்விடியா சிக்கல் அதற்கு இல்லை என்றாலும் இன்றைய வேலைக்கு அது போதாது. 2010 பிப்ரவரியில் என்விடியா ஆப்டிமஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன் பிறகு வந்த பல லேப்டாப்புகளில் பிராசஸரோடு சேர்ந்த கிராபிக்ஸும் தனிச் சிப்பும் இரண்டும் இருக்கும். தனிச் சிப் சூட்டில் போனாலும் டிவைஸ் மேனேஜரில் அதை முடக்கிவிட்டு எழுத்து வேலை, வகுப்பு, இணையம் என்று ஓட்டலாம். வீட்டில் அப்படி ஒன்று கோடு போட்டுக்கொண்டு மூலையில் கிடந்தால், எடைக்குப் போடும் முன் இதை ஒருமுறை முயன்று பாருங்கள்.

திரையே வராத லேப்டாப்பிலும் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நிக்காஹ் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேன்கள் எல்லாம் அதில் இருக்கலாம். அதைக் கழற்றி, யூஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகினால் எடுத்துவிடலாம். சில நூறு ரூபாய்க்குக் கேஸ் கிடைக்கும். ஹீட் கொடுக்கக் கடையில் விடுவதாக இருந்தால், ஹார்டு டிஸ்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு லேப்டாப்பை மட்டும் கொடுங்கள்.